மூச்சின் கணக்கு

மாரி மழை தொடங்கியதும் பாடசாலை வரவு இடாப்பிலே வெற்றிடங்கள் பெருகும். பிள்ளைகள் கொண்டுவரும் விடுமுறைக் கடிதங்களை விரித்துப் பார்த்தால், பத்துக்கு எட்டிலே காரணம் ஒன்றாகவே இருக்கும்: 'தடிமன்'. மூக்கொழுகலும் தடிமன்தான், தொண்டை நோவும் தடிமன்தான், நெஞ்சு கட்டி மூச்சிரைப்பதும் பல வீடுகளில் தடிமன்தான்.

நான் ஆசிரியப் பணியிலே சேர்ந்த தொடக்க காலத்தில், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய பெரிய தந்தையார் வந்து, வீட்டிலிருந்த பத்து மாதத் தம்பி இறந்துவிட்டான் என்று கூறினார். "வெறும் தடிமன்தான் ஐயா. காய்ச்சலும் பெரிதாக இல்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் விரைவாக வாங்கியது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கலை பயின்ற பட்டதாரியாகிய நான் மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் அவ்வாக்கியம் நெஞ்சை உறுத்திய காரணத்தால், சுவாச நோய்களின் காரணத்தை மருத்துவ அறிஞர்கள் எவ்வாறு தேடினார்கள் என்பதைப் பின்னர் விரும்பிப் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே நேயர்களோடு இன்று பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

'இந்நோய்க்குக் காரணம் யாது?' என்று கேட்பது எளிது. அக்கேள்விக்கு விடை கூற முன்வந்த முதல்வர்களுள் ஒருவர், பேர்லின் நகரிலே புகழ்பெற்ற றொபேட் கொக் அவர்களின் நிறுவனத்தில் பணியாற்றிய றிச்சாட் பைபர் என்னும் ஜேர்மனிய அறிஞர். 1889 ஆம் ஆண்டு தொடக்கம் உலகெங்கும் இன்புளுவென்சாக் காய்ச்சல் பெருவாரியாகப் பரவியிருந்தது. நோயுற்றோரின் சளியை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்த பைபர், மிகச் சிறிய கோலுருவப் பற்றீரியா ஒன்றைக் கண்டார். 1892 ஆம் ஆண்டில், இதுவே இன்புளுவென்சாவின் காரணம் என்று அறிவித்தார். ஒரு கிருமியைக் குற்றவாளியென்று தீர்மானிப்பதற்கு அவருடைய ஆசான் கொக் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. நோயாளர் அனைவரிடமும் அக்கிருமி காணப்படல் வேண்டும். அதனைத் தனியே பிரித்து வளர்த்தல் வேண்டும். வளர்த்த கிருமி மீண்டும் அதே நோயை உண்டாக்குதல் வேண்டும். பைபர் கண்ட கிருமி இம்மூன்றாம் நிபந்தனையை நிறைவு செய்யவில்லை. எனினும் அவர் பெற்றிருந்த மதிப்பின் காரணமாக உலகம் அதனை ஏற்றுக்கொண்டது.

அத்தீர்ப்பு 1918 ஆம் ஆண்டிலே சோதனைக்குள்ளானது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பரவிய இன்புளுவென்சா ஏறத்தாழ ஐந்து கோடி மக்களை மாய்த்தது என்று கணிக்கப்பட்டுள்ளது. பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் பைபரின் கிருமியைத் தேடினர். சிலர் கண்டனர், சிலர் காணவில்லை. நோயின்றி நலமாயிருந்தோரின் தொண்டையிலும் அது காணப்பட்டது. குற்றம் நிகழ்ந்த இடத்திலே ஒருவன் நின்றான் என்பதனால் மட்டும் அவன் குற்றவாளி ஆகிவிடுவானோ?

அப்போது வேறோர் ஐயம் எழுந்தது. பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்துளைப் பீங்கான் வடிகள் அந்நாளில் ஆய்வுகூடங்களில் இருந்தன. அத்தகைய வடிகளையும் ஊடுருவிச் செல்லவல்ல, சாதாரண நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத நோய்ப்பொருள்கள் சில உண்டு என்பதும் தெரிந்திருந்தது. அவற்றையே நாம் இன்று வைரசு என்கின்றோம். இன்புளுவென்சாவும் அத்தகைய ஒன்றால் விளைவதாக இருக்கலாமோ? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அந்நோய் பற்றக்கூடிய ஒரு விலங்கு வேண்டும். எலியும் முயலும் அதற்கு உதவவில்லை.

உதவிய விலங்கு, கீரியைப் போன்ற உடலமைப்புடைய 'பெரற்' என்னும் சிறு பிராணி. இங்கிலாந்திலே நாய்களுக்கு வரும் ஒருவகைத் தொற்றுநோயை ஆராய்வதற்காக அதனை வளர்த்து வந்தனர். 1933 ஆம் ஆண்டில் வில்சன் சிமித், கிறிஸ்தோபர் அன்றூஸ், பற்றிக் லெயிட்லோ என்னும் மூவர், இன்புளுவென்சா நோயாளரின் தொண்டை கழுவிய நீரை வடித்து, பற்றீரியா எதுவுமற்ற அந்நீரைப் பெரற்றின் மூக்கிலே துளித்தனர். இரண்டொரு நாளில் அப்பிராணிக்குக் காய்ச்சல் கண்டது, மூக்கொழுகியது, தும்மல் வந்தது. அதிலிருந்து அடுத்த பிராணிக்கும் நோய் தொற்றியது. ஆயின் மனிதனின் நோயும் இதுவும் ஒன்றே என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? அச்சான்று எதிர்பாராத வகையிற் கிட்டியது. 1936 ஆம் ஆண்டிலே நோயுற்ற பெரற் ஒன்று, தன்னைச் சோதித்துக்கொண்டிருந்த சாள்ஸ் ஸ்டூவாட் ஹரிஸ் என்னும் வைத்தியரின் முகத்திலே தும்மியது. இரண்டு நாள் கழியுமுன் அவர் இன்புளுவென்சாவால் படுக்கையில் வீழ்ந்தார். அவருடைய தொண்டையிலிருந்து அதே வைரசு மீண்டும் எடுக்கப்பட்டது. கொக் விதித்த நிபந்தனையை ஒரு தும்மல் நிறைவேற்றி வைத்தது.

பைபரின் பற்றீரியா அத்துடன் விடுதலை பெற்றது. ஆயினும் 'இன்புளுவென்சா' என்ற பெயர் அதனை விட்டு நீங்கவில்லை. இன்றும் அதன் விஞ்ஞானப் பெயரிலே அப்பழைய பிழை ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இக்கிருமியை நேயர்கள் மறந்துவிடாதிருக்குமாறு வேண்டுகின்றேன். அது வேறொரு வழக்கிலே மீண்டும் வரப்போகின்றது.

இனி, நம் விடுமுறைக் கடிதங்களில் இடம்பெறும் தடிமனுக்கு வருவோம். 1914 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வால்தர் குறூசே என்பவர், தடிமன் கண்ட தம் உதவியாளரின் மூக்குநீரை வடித்து, வேறு பன்னிருவரின் மூக்கிலே துளித்தார். நால்வருக்குத் தடிமன் பற்றியது. காரணம் வைரசாகவே இருத்தல் வேண்டும் என்று அப்போதே தெரிந்தது. ஆயின் அதனைப் பிடித்து வளர்க்க எவராலும் இயலவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பெரற் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அன்றூஸ் அவர்களே இம்முயற்சியை மேற்கொண்டார். தென் இங்கிலாந்திலே சோல்ஸ்பரி நகரை அடுத்து, போர்க்காலத்தில் அமெரிக்கர் அமைத்த வைத்தியசாலைக் குடில்கள் வெறுமையாய்க் கிடந்தன. அங்கே 1946 ஆம் ஆண்டில் தடிமன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. தடிமனை ஏற்றுக்கொள்ள மனிதரே முன்வர வேண்டியிருந்தமையால், தொண்டர்கள் அழைக்கப்பட்டனர். பத்து நாள் தங்குமிடமும் உணவும், கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு. இருவர் மூவராகக் குடில்களில் தனித்திருத்தல் வேண்டும், பிறரை நெருங்கலாகாது, உணவு வாயிலில் வைக்கப்படும், வயல்வெளியிலே உலாவலாம். மாணவர் சிலர் பரீட்சைக்குப் படிப்பதற்கென்று வந்தனர். புதுமணத் தம்பதியர் சிலரும் வந்தனர். வந்தவர்களின் மூக்கிலே சிலருக்கு வைரசு கலந்த நீரும், சிலருக்கு வெறும் நீரும் விடப்பட்டன. யாருக்கு எது விடப்பட்டது என்பது தொண்டருக்கும் தெரியாது. அவரைப் பார்வையிடும் வைத்தியருக்கும் தெரியாது. பயன்படுத்திய கைக்குட்டைகளை எண்ணிக் கணக்கெடுத்தனர். 1990 ஆம் ஆண்டில் மூடப்படும்வரை ஏறத்தாழ இருபதினாயிரம் தொண்டர்கள் அங்கே தங்கிச் சென்றனர்.

'மழையில் நனைந்தால் தடிமன் வரும்' என்பது நம் வீடுகளில் மட்டுமன்றி ஆங்கிலேயர் வீடுகளிலும் வழங்கிய நம்பிக்கை. அதனையும் அங்கே சோதித்தனர். தொண்டர் சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈர உடையோடு குளிர்காற்று வீசும் நடைவழியிலே நிறுத்தி, பின்னர் நனைந்த காலுறைகளோடு இருக்கவும் விட்டனர். குளிர் மட்டுமே பட்டவர்களுள் எவருக்கும் தடிமன் வரவில்லை. வைரசோடு குளிரும் சேர்ந்தபோது, நிலையான வேறுபாடு எதுவும் அச்சோதனைகளில் தென்படவில்லை. குளிர்காலத்தில் தடிமன் மிகுவதேன் என்பது வேறு கேள்வி. மக்கள் கதவடைத்து நெருங்கியிருப்பதும், காற்றின் தன்மை மாறுவதும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயின் வைரசு இன்றித் தடிமன் இல்லை என்பது உறுதியாயிற்று.

அவ்வைரசை வளர்க்கும் முயற்சி மேலும் பல்லாண்டு தோல்வியிலேயே முடிந்தது. 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் வெற்றி கிட்டியது. 1960 ஆம் ஆண்டில் சோல்ஸ்பரியிலே டேவிட் டிரெல் என்பவர் ஓர் எளிய உண்மையைப் பயன்படுத்தினார். ஆய்வுகூடங்களில் உயிரணுக்களை உடலின் வெப்பநிலையாகிய 37 பாகையில் வளர்ப்பதே வழக்கம். ஆயின் மூக்கின் உட்புறம், வெளிக்காற்று புகுவதனால், அதனிலும் குளிர்ச்சியானது. எனவே அவர் வெப்பநிலையை 33 பாகைக்குத் தாழ்த்தி, வளர்ப்புக் கரைசலையும் சற்றே மாற்றினார். அதுவரை வளர மறுத்த வைரசுகள் வளரத் தொடங்கின. அவ்வினத்தில் இன்று நூற்றறுபதுக்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரு வகையை உடல் வென்று முடிக்க, வேறு வகை வந்து சேர்கின்றது. ஆண்டுதோறும் தடிமன் திரும்ப வருவதும், அதற்குத் தடுப்பூசி அமையாததும் பெரும்பாலும் இதனாலேயே.

ஒரு மாதிரி மட்டும் அம்முறைக்கும் பணியவில்லை. 1960 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், விடுதிப் பாடசாலை ஒன்றில் பயின்ற சிறுவனின் மூக்கிலிருந்து எடுத்த நீர் அது. சுவீடன் நாட்டிலிருந்து அறிந்துகொண்ட முறைப்படி, மூச்சுக்குழாய்த் துண்டுகளிலே அதனை வளர்த்த செய்தியை 1965 ஆம் ஆண்டில் டிரெல் வெளியிட்டார். பின்னர் அதனை இலண்டனிலிருந்த ஜூன் அல்மெய்டா என்னும் பெண்மணிக்கு அனுப்பினார். அவர் கிளாஸ்கோ நகரில் பேருந்துச் சாரதி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். மேலே படிக்க வசதியின்றிப் பதினாறு வயதிலே பாடசாலையை விட்டு ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தவர். இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கையாள்வதில் அவருக்கு நிகராயினோர் அந்நாளில் மிகச் சிலரே. வைரசைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற முட்களைக் கண்ட அவர், கோழிகளைப் பற்றும் நோயொன்றிலும் இவ்வடிவத்தைத் தாம் முன்னரே கண்டதை நினைவுகூர்ந்தார். அப்போது அவர் எழுதிய கட்டுரையை, இன்புளுவென்சா வைரசின் தெளிவற்ற படமென்று கூறி மறுத்திருந்தனர். 1968 ஆம் ஆண்டில் அவ்வைரசுக் குடும்பத்துக்கு, மகுடம் என்று பொருள்படும் கொரோனா என்ற பெயர் சூட்டப்பட்டது. அரை நூற்றாண்டின் பின், 2020 ஆம் ஆண்டில் அப்பெயரை அறியாத குடிசையும் உலகில் இல்லையென்றாயிற்று. பிள்ளைகளின் தகுதியைச் சான்றிதழ் கொண்டு மட்டும் அளக்கும் எம்போன்ற ஆசிரியர்கள் இப்பெண்மணியை நினைவில் வைத்தல் நன்று.

எனினும் நேயர்களே, மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும் தடிமன் அரிதாகவே உயிரைக் கொள்ளும். நோய் கீழிறங்கி நுரையீரலைப் பற்றும்போதுதான் நியுமோனியா என்னும் ஆபத்து விளைகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019 ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 பிள்ளைகள் நியுமோனியாவால் இறந்தனர். இவர்களுள் மிகப் பலர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே எக்ஸ் கதிர்ப்படம் எடுக்கவும் வழியில்லை. பல கிராமங்களில் வைத்தியரும் இல்லை. தடிமன் எது, நியுமோனியா எது என்று எவ்வாறு பிரித்தறிவது?

இவ்வினாவுக்கு விடை பப்புவா நியூகினி நாட்டின் மலைநகராகிய கொறோக்காவிலிருந்து வந்தது. அங்கே பணிபுரிந்த பிறாங் ஷான் என்னும் குழந்தை வைத்தியரும் அவருடைய தோழர்களும் இருமலோடு வந்த பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கினர். காய்ச்சலின் அளவு நம்பத்தக்க அறிகுறியாக அமையவில்லை. ஒரு நிமிடத்தில் பிள்ளை எத்தனை முறை மூச்சு விடுகின்றது என்பதே சிறந்த அறிகுறியாக அமைந்தது. இதனை அவர்கள் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. நுரையீரல் என்பது நுண்ணிய காற்றறைகளின் கூட்டம். அழற்சியினால் அவ்வறைகளில் நீரும் சீழும் நிறைந்தால், நுரையீரல் விரிய மறுக்கின்றது. ஒட்சிசனும் போதிய அளவு உட்செல்வதில்லை. ஒவ்வொரு மூச்சும் சிறுத்துப் போவதனால், பிள்ளை மூச்சுகளின் எண்ணிக்கையைப் பெருக்கி அக்குறையை ஈடு செய்ய முயல்கின்றது. நோய் முற்றினால் மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிகின்றது.

இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து கட்சிரோலி மாவட்டத்திலே, அபய் பங், இராணி பங் என்னும் வைத்தியத் தம்பதியர் இவ்வறிவைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றனர். எழுத்தறியாத மருத்துவச்சிகள் ஐம்பதுவரை எண்ணுவது எவ்வாறு? அவர்களுக்கென்று மணிகள் கோத்த ஒரு சட்டமும், ஒரு நிமிடத்தில் வடிந்து முடியும் மணற்கடிகாரமும் சேர்ந்த எளிய கருவி ஒன்று அமைக்கப்பட்டது. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளினாற் போதும். நியுமோனியா என்று கண்ட பிள்ளைகளுக்குக் கிராமத்திலேயே பற்றீரியாக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையின்படி, இம்முறை வழங்கிய கிராமங்களில் நியுமோனியாவால் இறந்த பிள்ளைகளின் விகிதம், அது வழங்காத கிராமங்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியே.

பற்றீரியாக்கொல்லி மருந்து இத்தனை பிள்ளைகளைக் காத்ததாயின், கடும் நியுமோனியாவுட் பெரும்பகுதி பற்றீரியாவால் விளைவதே என்பது தெளிவு. எந்தப் பற்றீரியா? கொறோக்காவிலே கடும் நோயுற்ற பிள்ளைகளின் நுரையீரலிலிருந்து ஊசி மூலம் எடுத்த நீரிலே இரண்டு முதன்மையாகக் காணப்பட்டன. ஒன்று நியுமோகொக்கசு. மற்றையது, 1892 ஆம் ஆண்டில் பைபர் கண்ட அதே பற்றீரியா! செய்யாத குற்றத்துக்காக நாற்பது ஆண்டு பழி சுமந்த அக்கிருமி, எவரும் ஐயுறாத வேறொரு குற்றத்தைக் குழந்தைகளிடத்தே செய்துகொண்டிருந்தது. அதன் 'பி' வகையே மூளையுறை அழற்சிக்கும் காரணம்.

இங்கும் பழைய ஐயம் எழுந்தது: அருகே நின்றதனால் மட்டும் அது குற்றவாளியாகுமோ? இம்முறை ஆய்வாளர்கள் புதியதொரு வழியைக் கையாண்டனர். ஒரு கிருமியை மட்டும் தடுக்கும் ஊசியைக் குழந்தைகளுட் பாதிப் பேருக்குக் கொடுத்து, நோய் எவ்வளவு குறைகின்றது என்று பார்ப்பதே அவ்வழி. குறைந்த அளவே அக்கிருமியின் பங்கு. ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிலே 42,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இச்சோதனை நடைபெற்றது. எக்ஸ் கதிர்ப்படத்தில் தெரியும் நியுமோனியா ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 1997 ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஐயம் தீர்ந்தது. இன்று உலக நாடுகள் மிகப் பலவற்றிலே குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இடப்படுகின்றது. நம் நாட்டிலும் 2008 ஆம் ஆண்டில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியின் ஒரு பகுதியாக அது அறிமுகமாயிற்று.

தடுப்பூசிகள் பரவப் பரவ, எஞ்சிய குற்றவாளிகள் யாவர் என்ற வினா எழுந்தது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஏழு நாடுகளில் நடைபெற்ற பேராய்வு ஒன்றின் முடிவு 2019 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கடும் நியுமோனியா கண்ட 4,232 பிள்ளைகளை ஆராய்ந்ததோடு, அந்நோயற்ற 5,119 பிள்ளைகளின் மூக்கையும் தொண்டையையும் அவர்கள் ஆராய்ந்தனர். பைபர் காலத்துப் பாடத்தை மருத்துவ உலகம் மறக்கவில்லை. எக்ஸ் கதிர்ப்படம் நோயை உறுதிப்படுத்திய பிள்ளைகளுள், ஐந்தில் மூவருக்குக் காரணம் வைரசு என்றும், நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்குப் பற்றீரியா என்றும் கணித்தனர். தனியொரு வைரசே ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குப் பொறுப்பு. அது, சுவாசவழி உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி உருகச் செய்யும் வைரசு, ஆர்.எஸ்.வி. என்று வழங்குவது. அதனை 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தடிமன் பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடத்தே முதலில் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே நோயுற்ற குழந்தைகளிடத்தும் கண்டனர்.

அதற்குத் தடுப்பூசி காணும் முயற்சி ஒரு துயரக் கதை. 1966 ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனையில், செயலிழக்கச் செய்த வைரசைக் கொண்ட ஊசி, குழந்தைகளைக் காப்பதற்கு மாறாக நோயைக் கடுமையாக்கியது. இரு குழந்தைகள் இறந்தன. பல்லாண்டுகள் எவரும் துணியவில்லை. வைரசின் புறத்தேயுள்ள புரதம் உயிரணுவோடு இணையுமுன் எவ்வடிவில் இருக்கின்றது என்பதை 2013 ஆம் ஆண்டில் கண்டறிந்த பின்னரே வழி திறந்தது. 2023 ஆம் ஆண்டில், கருவுற்ற தாய்க்கு இட்டுப் பிறக்கும் குழந்தையைக் காக்கும் ஊசி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. விலையும் வழங்கலும் தடையாக நில்லாது வறிய நாட்டுத் தாய்மாரையும் அது சென்றடைதல் வேண்டும்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்கவை இரண்டு. சாதாரணத் தடிமன் வைரசால் விளைவது. பற்றீரியாக்கொல்லி மருந்துகள் அதனைத் தீண்டா. எனவே மூக்கொழுகும் பிள்ளைக்கு அம்மருந்தைத் தருமாறு வைத்தியரை வற்புறுத்தலாகாது. தேவையின்றி உண்ட மருந்து, தேவையான நாளிலே பயனற்றுப் போகலாம்.

மற்றையது மூச்சின் கணக்கு. இருமலும் சளியும் உள்ள பிள்ளை அழாது அமைதியாயிருக்கும்போது, மார்பை மறைக்கும் சட்டையை நீக்கி, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவாயின் அறுபதும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை ஐம்பதும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நாற்பதும் எல்லைகள். எண்ணிக்கை அவ்வெல்லையை எட்டினால், காய்ச்சல் இருப்பினும் இல்லாவிடினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மார்பு உட்குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே புறப்படுக.

எங்கள் பாடசாலையில் இப்போது மேல் வகுப்பு மாணாக்கர் யாவருக்கும் இக்கணக்கைக் கற்பிக்கின்றோம். வீட்டிலே தம்பி தங்கையைத் தூக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. முன்னர் நான் கூறிய அச்சிறுமியும், மூன்று நாளும் தன் தம்பியை மடியில் வைத்திருந்தாளாம். மூச்சு விரைவாக வாங்குவதை முதலிற் கண்டவளும் அவளேயாம். ஐம்பதுவரை எண்ண அவளுக்குத் தெரியும். எண்ண வேண்டுமென்று மட்டும் நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.